முப்பத்தைந்து வயது வரை

அந்துவான் வேலாய்தோன் ஏழு வருஷம் பிரான்சில் சம்பளத்துக்குப் பந்து ஆடினான். அந்த ஏழு வருஷத்தில் அவன் போட்ட கோல் மொத்தம் நாலு. அதிலும் ஒன்று எதிராளியின் முழங்காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தில் இதைக் கேட்டவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். "நாலு கோலுக்கா உன்னைக் கப்பலேத்திக் கூட்டிட்டுப் போனான் வெள்ளைக்காரன்?" என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது அவன் சுபாவமில்லை.

அவன் ஆடிய இடம் அப்படி. பின்னால் நிற்கிறவனிடம் பந்தை வாங்கி முன்னால் ஓடுகிறவனிடம் சேர்க்க வேண்டும். எதிரணி பந்தோடு வந்தால் முதலில் குறுக்கே விழ வேண்டியதும் அவன்தான். அந்த நடு இடத்துக்காரனைத் தீவில் 'தெமி' என்று பிரெஞ்சில் சொல்வார்கள். கோல் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். மூன்று உதைக்கு முன்னால் அந்தப் பந்து யார் காலிலிருந்து கிளம்பியது என்று யாரும் எழுதுவதில்லை.

அவன் போர்ட் லூயியில் கிரியோல் ஜனம் நிறைந்த ரோஷ் புவா பேட்டையில் பிறந்தவன். அப்பா ஜான்-பியேர் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தார். முப்பத்தெட்டாம் வருஷம் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் வெளியே வந்து நின்றார்; அதற்காக இரண்டு வருஷம் துறைமுகப் பக்கமே தலைகாட்ட முடியாமல் சேன் பியேரில் கரும்பு வெட்டினார். உலக யுத்தம் வந்து ஆளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தாத்தா வேலாயுதம் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். இறக்கிவிட்ட இடத்தில் இருந்த குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி 'வேலாய்தோன்' என்று எழுதினான். பிறகு ஞானஸ்நானம், மாதா கோயில், பிள்ளைகளுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர். வீட்டில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவுப் பாஷையான கிரியோல்தான். அந்துவானுக்குத் தெரிந்த தமிழ் ஏழெட்டு வார்த்தை. அதில் பாதி சாப்பாட்டுப் பெயர்.

ஐம்பத்து நாலில் அவன் எத்வால் ப்ளே என்ற துறைமுகத்துக் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தான். ரியூனியன் தீவில் நடந்த ஒரு போட்டியில் அவனைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் பின்னாலேயே மொரீஷியஸ் வரை வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். வெயிலிலும் நிழலிலும் தொப்பியைக் கழற்றவே மாட்டார். பிரான்சின் வடக்கே ஒரு நிலக்கரி ஊரின் கிளப்புக்கு ஆள் தேடுகிறவர். கிளப் அறை மேசையில் ஒன்பது பக்கக் காகிதத்தைப் பரப்பி வைத்தார். சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"மெஸ்யே, அங்கே ரொம்பக் குளிருமாமே. கோட்டு குடுப்பாங்களா?"

"கொடுப்பார்கள்" என்றார் தொப்பிக்காரர்.

அந்துவான் கையெழுத்துப் போட்டான். கோல்கீப்பர் ரோபெர் அவனை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே பந்தை உதைத்து வளர்ந்தவர்கள்.

பிரான்ஸைப் பற்றி அவன் பிற்பாடு அதிகம் பேசியதில்லை. கரித்தூள் படிந்த சேறு, சுரங்கத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்து நிற்கும் ஆட்கள், ஈரம் காயாத கால்சட்டை. ஊரில் மாதா கோயில்காரன் என்பதால் கிரியோல் ஜனம் என்று பெயர் வாங்கியவனை அங்கே 'இந்தியன்' என்று கூப்பிட்டார்கள். அங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கற்றுக்கொண்டான்: பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி எவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து வைத்துவிட வேண்டும். வந்த பிறகு பார்த்தால் ஏற்கெனவே தாமதம். இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஆடினான். ஒரு வருஷம் அந்தக் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறியது, மறு வருஷமே இறங்கியது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் அவன் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

அறுபதாம் வருஷம் கரோல் புயல் வந்து ரோஷ் புவாவில் அப்பாவின் தகர வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போனது. மறு வருஷம் மே மாதம் தந்தி வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. அதே வாரத்தில்தான் கிளப் தலைவர் அவனைக் கூப்பிட்டு, தெற்கே இன்னொரு கிளப்புக்கு அவனைக் கொடுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை ரயில் என்று சொன்னார். போகிறாயா என்று கேட்கவில்லை. அந்துவான் தந்தியை நீட்டினான். இரண்டு மாதம் லீவு கிடைத்தது. மார்செய்யில் கப்பலேறினான்.

புயலுக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீட்டில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா போய் வெகு காலம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். முதல் நாள் அவரைக் குளிப்பாட்டியபோதே திரும்பிப் போகிற யோசனை அந்துவானை விட்டுப் போய்விட்டது. இதை அவன் யாரிடமும் அறிவிக்கவில்லை. லீவு முடிந்தது, கப்பல் போனது, அவ்வளவுதான். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் தட்டைப் படகுகளில் வேலை கிடைத்தது. வாரக் கடைசியில் எத்வால் ப்ளேவுக்கு ஆடலாம் என்று இருந்தான். இருபத்தெட்டு வயது. கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

ரோபெர் அவனைத் தீவின் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். செயலாளர் ஆட்டக்காரர் படிவத்தை எடுக்கவில்லை. ஒரு கடிதத்தை எடுத்தார்.

"பாரிஸ் சங்கத்திலேருந்து வந்திருக்கு. உன்னை எந்தக் கிளப்பும் பதிவு பண்ணக் கூடாதாம். பிரான்சுல மட்டுமில்ல, எங்கேயும்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டது ரோபெர்.

"அது எழுதல. அவங்க கான்ட்ராக்ட்ல பாக்கணும்."

அந்தக் கான்ட்ராக்ட் கோட்டுப் பெட்டியின் அடியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போனான். வக்கீல் சாப்பிடப் போயிருந்தார். டைப் அடிக்கும் பெண் இருந்தாள். எவெலின் என்று பெயர். மொக்காவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்பது பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். அந்துவான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"மெஸ்யே வேலாய்தோன், இதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன், மாம்ஜெல்."

"அதைக் கேக்கல."

அவள் ஆறாவது பக்கத்தைத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள்.

"முப்பத்தஞ்சு வயசு நிறையிற வரைக்கும் நீங்க அந்தக் கிளப்போட ஆட்டக்காரர். அவங்களுக்கு வேணும்னா உங்களை வேற கிளப்புக்குக் குடுக்கலாம். உங்களுக்கு வேணும்னா..." அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், அதற்கடுத்ததையும் புரட்டினாள். "உங்களுக்கு வேணும்னா என்னன்னு எங்கேயுமே போடல."

"இது எனக்கு மட்டுமா?"

"இல்ல. அச்சடிச்ச காகிதம். பேரு மட்டும்தான் கையால எழுதியிருக்கு. அங்கே எல்லாருக்கும் இதுதான் போல."

வக்கீல் வந்து அதையே பிரெஞ்சில் நீளமாகச் சொன்னார். செய்வதற்கு ஒன்றுமில்லை, கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னான். அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமாகத்தான் அசையும். ஒவ்வொரு வார்த்தையும் வழுக்கி வழுக்கி வரும்.

"என் அப்பா பேப்பர்ல அஞ்சு வருஷம்னு போட்டிருந்தான். உன்னோடதுல?"

"பதிமூணரை, பப்பா."

அப்பா கூரையைப் பார்த்தார். "சோறு ஒழுங்காப் போட்டாங்களா?"

"போட்டாங்க. கோட்டும் குடுத்தாங்க."

அவர் முகத்தில் ஒரு பாதி அசைந்தது. சிரித்தாரா அழுதாரா என்று அந்தப் பாதியை வைத்து அந்துவானால் சொல்ல முடியவில்லை. துணியை நனைத்து அவர் கழுத்தைத் துடைத்தான்.

எவெலின் கடிதம் அடித்துக் கொடுத்தாள். தகப்பனார் படுக்கையில் இருக்கிறார், திரும்ப வர இயலாது, தயவுசெய்து விடுதலை செய்யவும். மூன்று மாதம் கழித்து இரண்டு வரி பதில் வந்தது: உடனே வந்து சேரவும், இல்லையென்றால் தடை தொடரும். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் என்று ஆனது. மூன்றாவது கடிதத்தை அவள் வக்கீலுக்குத் தெரியாமல், மதிய இடைவேளையில் அடித்தாள். நாலாவதை அடிக்கும்போது அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரோஷ் புவா மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. 'நீங்க' போய் 'நீ' வந்தது. அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டமாக இருந்தன. எத்வால் ப்ளே ஆடும்போது அந்துவான் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பான். நடுவில் ஆடுகிற பையன் தலையைத் திருப்பாமல் பந்தை வாங்குவான், பறிகொடுப்பான். அந்துவானின் கழுத்து தன்னாலேயே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பும். பக்கத்தில் நிற்கும் எவெலின் ஒருநாள், "உனக்குக் கழுத்துல ஏதாச்சும் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவன் பார்க்கப் போவதை நிறுத்திக்கொண்டான்.

அறுபத்து மூன்றில், மேட்டு நிலத்தில் மழை ஓயாத ஊரான வக்குவாவிலிருந்து ஒருவர் வந்தார். தேவராசன் ஆர்மூகம், பொதுப்பணித் துறையில் குமாஸ்தா. கையில் எப்போதும் குடை. வக்குவாக்காரர்கள் மழையைக் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். சரவணா யூனியன் என்ற தமிழ்க் கிளப்பின் காரியதரிசி. தீவில் அப்போது கிளப் என்றால் அப்படித்தான், ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒன்று. ஆர்மூகம் அப்பாவைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் நேராவே சொல்லிடறேன். பாரிஸ் கடுதாசில இருக்கிற பேரு அந்துவான் வேலாய்தோன். எங்க ரிஜிஸ்டர்ல 'வேலாயுதம்'னு எழுதறோம். உங்க தாத்தா பேருதானே? பொய் ஒண்ணும் இல்லையே."

'தம்பி' என்ற சொல் அந்துவானுக்குத் தெரியும். அந்நியர் ஒருவர் தன்னை அப்படிக் கூப்பிட்டது அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"நான் மாதா கோயிலுக்குப் போறவன், அண்ணா."

"அதனால என்ன? எங்க பசங்கள்ல பாதிப் பேரு எங்கேயும் போறதில்ல. நீங்க பந்தைக் குடுத்தா போதும்."

எவெலின் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "அந்தக் கடுதாசிக்காரங்களுக்கு இது தெரிய வருமா?" என்று அந்துவான் அவளைக் கேட்டான்.

"பாரிஸ்ல யாருக்கு வக்குவா எங்கே இருக்குன்னு தெரியும்? தெரிய வராது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு ஆடணுமா?" என்றாள்.

"ஆடணும்."

"அப்போ ஆடு."

ஒரு மாதம் வக்குவாவில் தூறலில் பயிற்சி எடுத்தான். புகைப்படம் ஒட்டிய ஆட்டக்காரர் அட்டை வந்தது. முதல் ஆட்டமே, யார் செய்த வினையோ, எத்வால் ப்ளேயோடு அமைந்தது. அவன் வரிசையில் மைதானத்துக்குள் ஓடி வந்தபோது எதிர்ப் பக்கம் ரோபெர் கோல் கம்பத்தருகே நின்றிருந்தான். அந்துவானைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

முதல் இருபது நிமிஷம் அந்துவான் ஆடிய ஆட்டத்தைப் பற்றி வக்குவாவில் வெகு நாள் பேசினார்கள். பந்து அவனிடம் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் பதிலோடு போவது போல இருந்தது என்று ஆர்மூகம் சொல்வார். சரவணா யூனியன் ஒரு கோல் போட்டது.

பிறகுதான் அது நடந்தது. அந்துவான் நடு வட்டத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினான். பின்னாலிருந்து எதிரணி ஆள் ஒருவன் பாய்ந்து வருகிறான். சரவணா யூனியனின் பின்வரிசைக்காரன் தொண்டை கிழியக் கத்தினான்: "வேலாயுதம்! வேலாயுதம், பின்னாடி!"

அந்துவானுக்கு அந்தச் சத்தம் கேட்டது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தான். நிதானமாகப் பந்தை நிறுத்தினான். பின்னாலிருந்து வந்தவன் அதைப் பறித்துக்கொண்டு போய் மூன்றே உதையில் கோலாக்கினான். ரோஷ் புவாவிலிருந்து வந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே யாரோ ஒருவன், கேலியாகக்கூட இல்லை, பழக்க தோஷத்தில், "அயோ, அந்துவான்!" என்றான். அந்துவான் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

இடைவேளையில் ஆர்மூகம் அவனைத் தனியே தகரக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மழை பிடித்துக்கொண்டது.

"ஒரு கோல்தானே தம்பி. இன்னும் பாதி ஆட்டம் இருக்கு."

"அண்ணா, அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. அது நான்தான்னு தெரியல."

"பழகினா வந்துடும்."

"வராது. நடுவுல நிக்கிறவனுக்குப் பேருதான் கண்ணு. முதுகுக்குப் பின்னாடி இருக்கிறதை அவங்க கூப்பிடறதை வெச்சுத்தான் பாக்கறேன்." அட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தான். "என் தாத்தா நல்லா ஆடியிருப்பாரோ என்னவோ. நான் அந்துவானாத்தான் கத்துக்கிட்டேன்."

ஆர்மூகம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று அந்துவான் எதிர்பார்த்தான். அவர், "எங்க ஆளு ஒருத்தன் பிரான்ஸ் வரைக்கும் போய் ஆடினான்னு சொல்லிக்க ஆசையா இருந்துச்சு" என்றார். பிறகு குடையை நீட்டினார். "பஸ் ஸ்டாண்டு தூரம். நனையாதீங்க."

பத்து பேரோடு ஆடிய சரவணா யூனியன் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. எத்வால் ப்ளே கமிட்டி, பெயரை மாற்றி ஆளை இறக்கினார்கள் என்று புகார் எழுதி ரோபெரிடம் சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டியது. ரோபெர் போடவில்லை.

"வேலாயுதம்னு ஒருத்தனைப் பாத்தேன். நல்லா ஆடினான். அந்துவானை நான் எங்கே பாத்தேன்?" என்றான்.

அந்துவான் அதற்கப்புறம் எந்தக் கிளப்பையும் தேடவில்லை. அறுபத்து நாலின் குளிர்காலத்தில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்க்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வெறும் தரையில் படகுக்காரர்களும் மூட்டைக்காரர்களும் பந்து ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அங்கே பதிவு கிடையாது, அட்டை கிடையாது. எந்தக் கப்பலில் வேலை செய்தார்களோ அந்தக் கப்பல்தான் அணி. கிரியோல், முஸ்லிம், தமிழர், சீனக் கடைப் பையன் ஒருவன்கூட இருந்தான். அந்துவான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான்.

அங்கேதான் இஸ்மாயில் பீர்பாய் அவனுக்குக் கிடைத்தான். பாரம் தூக்கும் இயந்திரத்தில் வேலை செய்கிறவன், ரோஷ் புவாவில் இரண்டு தெரு தள்ளி வீடு. இடது ஓரத்தில் ஆடுவான். பந்து எங்கே என்று திரும்பிப் பார்க்காமலே தலையைக் குனிந்துகொண்டு ஓடுவான். வெற்றிடத்தைப் பார்த்து ஓடுவான். அந்துவான் அந்த வெற்றிடத்துக்குப் பந்தை அனுப்புவான். இஸ்மாயில் போய்ச் சேரும்போது பந்தும் சேர்ந்திருக்கும். இது முதல் நாளே நடந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஞாயிறு தவறாமல் இப்படி ஓடியது. சம்பளமும் கூட்டமும் பேப்பரும் இல்லாத அந்தத் தரையில்தான் தன் வாழ்க்கையின் நல்ல ஆட்டத்தை ஆடுகிறோம் என்று அந்துவானுக்கு அவ்வப்போது தோன்றும். தோன்றியதும் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களும் ஞாபகத்துக்கு வரும். எதற்காக அத்தனை தூரம் போனோம் என்றும் யோசிப்பான். பதில் கிடைப்பதற்குள் யாராவது பந்தை உதைத்துவிடுவார்கள்.

அறுபத்தேழு டிசம்பரில் அவனுக்கு முப்பத்தைந்து நிறைந்தது. இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. எவெலின் அதை நின்றுகொண்டே படித்தாள். "மேற்படி ஆட்டக்காரர் மீது இந்தக் கிளப்புக்கு இனி உரிமை எதுவும் இல்லை." திரும்ப ஒருமுறை படித்துவிட்டு மடித்தாள்.

"பன்னிரண்டு லெட்டர் அடிச்சேன். ஒண்ணுக்கும் இவ்வளவு நல்ல பதில் எழுதல" என்றாள். அப்புறம் திடீரென்று அவள் கண் கலங்கியது. அந்துவான் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ரோபெர் அப்போது ஆட்டத்தை விட்டுவிட்டு எத்வால் ப்ளேயின் பயிற்சியாளனாக ஆகியிருந்தான். வருகிற சீசனில் நீதான் நடுவில் என்றான். ஆனால் ஜனவரியில் கலவரம் வெடித்தது. எங்கே, யார் தொடங்கியது என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்வார்கள். போர்ட் லூயியில் கிரியோல்களும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போக முடியாமல் ஆனது. வீடுகள் எரிந்தன. ஊரடங்குச் சட்டம் வந்தது, இங்கிலீஷ் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். தலைமுறையாகப் பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு அவரவர் ஜனம் இருக்கும் பேட்டைக்குப் போனார்கள்.

இஸ்மாயில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டான். வாசலில் லாரி நின்றது. அந்துவான் போனபோது இஸ்மாயில் அலமாரியைத் தனியே இழுத்துக்கொண்டிருந்தான். தெருவில் நின்றவர்கள் யாரும் கைகொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அந்துவான் மறுமுனையைப் பிடித்தான்.

"நீ வந்திருக்க வேணாம், மோ ஃப்ரேர்" என்று சகோதரனைக் கூப்பிடுவது போல இஸ்மாயில் தாழ்ந்த குரலில் சொன்னான். "நாளைக்கு நீ இங்கேதானே இருக்கணும்."

"தூக்கு. உன் பக்கம் தாழுது."

மேசை, கட்டில், கோழிக் கூண்டு எல்லாம் ஏறின. முஸ்லிம்கள் வாழும் ப்ளேன் வேர்த் பேட்டையில் மைத்துனனின் தகரப் பட்டறையில் வேலை பார்க்கப் போவதாக இஸ்மாயில் சொன்னான். துறைமுகத்துக்கு வருவாயா என்று அந்துவான் கேட்கவில்லை. லாரி திருப்பத்தில் மறைந்த பிறகு ஒருவன் அந்துவானின் காலருகே காறித் துப்பினான். அந்துவான் அவனை அடையாளம் கண்டான். எத்வால் ப்ளே ஆட்டம் ஒன்றையும் விடாதவன். அவனைத் தாண்டி வீட்டுக்குப் போனான். கிடங்குக்குப் பின்னால் ஆட்டம் நின்றுபோனது.

மார்ச் பன்னிரண்டாம் தேதி சுதந்திரம் வந்தது. மத்தியானம் துறைமுகத்தில் கப்பல்கள் ஊதின. சுதந்திரம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்கள் நிறைந்த ரோஷ் புவாவில் பல வீடுகளில் கொடி இல்லை. எவெலின் வானொலியைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு துணி தேய்த்தாள். "இனிமே நாம எந்த நாட்டுக்காரங்கன்னு யாராவது கேட்டா ஒரே வார்த்தையில சொல்லிடலாம்" என்றாள். அந்துவான், "வெளியூர்க்காரன் கேட்டா சொல்லலாம்" என்றான்.

மே மாதம் மைதானங்கள் திறந்தன. சங்க அலுவலகத்தில் அவன் பெயரை அவனுடைய பெயராகவே எழுதினார்கள். பதினாலு வருஷத்துக்குப் பிறகு எத்வால் ப்ளேயின் நீலச் சட்டை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ரோபெர் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இடது ஓரத்தில் எடி என்று பத்தொன்பது வயதுப் பையன். நல்ல வேகம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்துவான் பந்தை வாங்கினான், தலையைத் திருப்பிப் பார்த்தான், இடது பக்கம் நீளமாக அனுப்பினான். அது அழகான பந்து. புல்லை ஒட்டி ஓடி வெற்றிடத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டிப் போனது. எடி இருபது அடி பின்னால் நின்று கையை விரித்தான். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "கிழவனுக்குக் கண்ணு போச்சு!" என்று யாரோ சொன்னார்கள்.

"கால்ல குடுங்க, தொந்தோன்! என் கால்ல குடுங்க!" என்று எடி கத்தினான். தொந்தோன் என்றால் மாமா. அந்துவான் தலையாட்டினான். மீதி ஆட்டம் முழுக்கக் காலில் கொடுத்தான். யாரும் கோல் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவன் ப்ளேன் வேர்த்துக்கு நடந்து போனான். ரோஷ் புவா ஆள் அங்கே போவது அப்போது சாதாரண விஷயம் இல்லை. கடைவாசல்களில் பேச்சு நின்றது. ஒருவன் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தான். பட்டறையில் இஸ்மாயில் வாளிக்கு அடி வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் சுத்தியலைக் கீழே வைத்தான். தெருவைப் பார்த்து உரக்க, "நம்ம ஆளுதான்!" என்றான். பின்னால் வந்தவன் நின்று, திரும்பிப் போனான்.

இஸ்மாயிலின் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் வாளியைப் பற்றிப் பேசினார்கள்.

"மூணு பந்து வெளியே போச்சாமே" என்றான் இஸ்மாயில்.

"உனக்கு யார் சொன்னா?"

"வாளி வாங்க வந்தவன். உனக்குக் கண்ணு போச்சுன்னான்." இஸ்மாயில் தேநீரை ஊதினான். "எங்கே விழுந்துச்சு?"

அந்துவான் தரையில் கிடந்த தகரத் துண்டுகளை எடுத்து வைத்தான். இது கோட்டு, இது எடி, இது நான். பந்துக்கு ஒரு ஆணியை எடுத்து நகர்த்தினான். இஸ்மாயில் குனிந்து வெகு நேரம் பார்த்தான். பிறகு விரலை வைத்தான். ஆணி நின்ற இடத்துக்கும் விரலுக்கும் அரை அங்குலம்கூட இல்லை.

"நான் இங்கே இருந்திருப்பேன்" என்றான்.

"தெரியும்."

"அந்தப் பையன் ஓடமாட்டேங்கறானா?"

"ஓடுவான். பந்து வந்த பிறகு ஓடுவான்."

"அப்போ கால்லயே குடு. அவனைத் திட்டாதே. அவனுக்கு யாரும் அப்படி அனுப்பினதில்ல."

"ம்" என்றான் அந்துவான். தகரத் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தான். "அடுத்த ஞாயிறு வக்குவாவில் ஆட்டம். வரியா?"

உள்ளே மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "வக்குவான்னா வரலாம்" என்றான் கடைசியில். "அங்கே என்னை யாருக்கும் தெரியாது."

அவன் வந்தான். தூறலில் கம்பளிச் சட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு விலகி இடது கோட்டுப் பக்கமாக நின்று பார்த்தான். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று கடைசிக் கால்மணி நேரத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். அந்துவான் அப்போது நடு வட்டத்தில் பந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பந்து வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பியபோது, சாலைப் பக்கம் போகும் இஸ்மாயிலின் முதுகு தெரிந்தது. பந்து வந்தது. எடியின் காலில் கொடுத்தான்.